மலையேறி நிதி திரட்டுவோர் செய்யும் தவறுகள்

அண்மையில் காட்பாடி இளைஞர்கள் சிலர், சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக மணாலிக்கு அருகிலுள்ள பிரண்ட்ஷிப் சிகரத்தில் (5,289 மீட்டர்) ஏறப்போவதாகச் சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் அடியில் ஒருவரது சொந்தக் கூகுள் பே எண் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் மலையேறி நிதி திரட்ட நாங்கள் வெளியிட்ட அறிக்கையில், அதே இடத்தில் என் எண் இருந்தது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்கச் சொல்ல ஊரில் ஆள் உண்டு என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொந்தக் கணக்கில் பணம் வாங்குவது

நாங்கள் நால்வர் ஏறினோம். வேலூர் லாங் பஜார் வணிகர்களிடம் நன்கொடை கேட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா பிரியாணி விருந்து வைத்து டோக்கன் விற்றோம். கடைக்காரர்கள் தந்ததும், டோக்கனில் வந்ததும், எங்கள் வீட்டார் பயணத்துக்கென்று கொடுத்ததும் என் ஒரே வங்கிக் கணக்கில் சேர்ந்தன. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று அப்போது நினைத்தேன். மலை வழிகாட்டிக்கு முன்பணமும் பிரியாணி மாஸ்டருக்குக் கூலியும் அதிலிருந்தே போயின. கடனுக்கு டோக்கன் வாங்கிச் சென்ற தொண்டர்கள் பலர் காசைத் திருப்பித் தராததால் விழுந்த பள்ளத்தையும் அதிலிருந்தே அடைத்தேன்.

மீதியை அறக்கட்டளைக்கு அனுப்பிய பிறகுதான் வினை தொடங்கியது. வணிகர்கள் வருமான வரிக் கழிவுக்காக 80ஜி ரசீது கேட்டார்கள். பணம் என் கணக்கிலிருந்து வந்திருப்பதால் ரசீதும் என் பெயருக்கே தர முடியும் என்றார் அறக்கட்டளையின் கணக்காளர். அவர் சொன்னதில் பிழையில்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பாத்திரக்கடைப் பெரியவர் ஒருவர், கோபமே இல்லாமல், "தம்பி, நான் குடுத்தது நோயாளிக்கா, உங்க டிக்கெட்டுக்கா?" என்று கேட்டார். செலவை நாங்களே ஏற்றோம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால், கலந்துவிட்ட பணத்தில் எது எவருடையது என்று எனக்கே தெரியவில்லை. மறு ஆண்டு அதே கடைகளில் தேநீர் மட்டும் கிடைத்தது.

ஆகவே நன்கொடை, கொடுப்பவர் கையிலிருந்து நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ரசீது வேண்டுவோரின் பான் எண்ணையும் முகவரியையும் அன்றே எழுதி வாங்கிவிட வேண்டும். ரயில், வழிகாட்டி, கயிறு, காலணி ஆகியவற்றுக்கு ஏறுபவர்கள் தனிக் கணக்கு வைத்து, "பயணச் செலவு எங்களுடையது" என்று துண்டறிக்கையிலேயே அச்சிட வேண்டும். விருந்துச் செலவுக்குப் புரவலர் ஒருவரை முன்கூட்டியே பிடித்துவிட்டால் டோக்கன் பணம் முழுதும் நிதிக்குப் போகும். டோக்கனைப் பணம் வந்த பிறகே கொடுங்கள். உங்கள் சொந்த மைத்துனராக இருந்தாலும் கடன் கூடாது.

குலுக்கல் பரிசுச் சீட்டு

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. தொடாதீர்கள்.

ஆடிக் கிருத்திகையன்று நிகழ்ச்சி

தொண்டர்கள் அனைவரும் காவடியுடன் திருத்தணியில் இருப்பார்கள்.

பயிற்சி ஏற்றத்தைத் திருவிழாவாக்குவது

நன்கொடையாளர்களையும் அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ பயிற்சிக்குப் போகும் எண்ணம் நல்லதே. ஆனால் வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப் பாதையில் ஐம்பது பேரை ஏற்றுவது நிதி திரட்டல் ஆகாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீப் பருவம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 23 பேர் தீயில் இறந்தார்கள். கூட்டத்தோடு நடக்கத்தான் வேண்டுமென்றால், காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் விடியற்காலையில் நடக்கலாம்.

மே மாதத்தில் பகல் நிகழ்ச்சி

வேலூரில் வேண்டாம்.