உப்பு வேறுபாட்டிலிருந்து மின்சாரம்: இரண்டு குவளைகளில் ஒரு சோதனை

சுத்திகரித்த கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் ஓசையின்றி ஆற்றல் வீணாகிறது. 1,000 லிட்டர் நன்னீர் கடலில் கலந்தால் ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வெளிப்படும். கழிவுநீரில் உப்பு மிகக் குறைவு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அந்த ஏற்றத்தாழ்வுதான் நமக்கு எரிபொருள். அதை மேசைமேல் அளந்து பார்ப்போம்.

தேவையானவை: விரல் நீளத்தில் இரண்டு தூய வெள்ளிக் கம்பிகள், சாதாரண உப்பு, காய்ச்சி வடித்த நீர், துணி வெளுக்கும் பிளீச் திரவம், பருத்தித் திரி, மல்டிமீட்டர், இரண்டு குவளைகள். உண்மையான கழிவுநீரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அதில் கிருமிகள் இருக்கலாம்.

படி 1: கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, கம்பிகளின் கீழ்ப்பாதியைப் பிளீச்சில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பளபளப்பு மங்கி, ஊதா கலந்த சாம்பல் நிறம் படியும். அது வெள்ளி குளோரைடு. பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். கம்பிகளை நன்கு அலசுங்கள்.

படி 2: ஒரு குவளையில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, மற்றதில் 1 கிராம் என்ற கணக்கில் கரைசல் தயாரியுங்கள்.

படி 3: இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் எந்த அளவையும் நம்ப முடியாது. இரு கம்பிகளையும் ஒரே குவளையில் நிறுத்தி, மீட்டரை 200 மில்லிவோல்ட் நேர்மின்னோட்ட (DC) அளவில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். ஓரிரு மில்லிவோல்ட் காட்டினால் குறித்துவைத்துப் பிறகு கழித்துக்கொள்ளுங்கள்.

படி 4: உப்புநீரில் நனைத்த திரியால் குவளைகளை இணைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை வையுங்கள். 60 மில்லிவோல்டை ஒட்டி எண் தெரியும். உப்புக் குறைந்த பக்கமே நேர்முனை. அங்கே வெள்ளி குளோரைடு கரைந்து குளோரைடு அயனிகளை (மின்னூட்டம் பெற்ற குளோரின் அணுக்களை) நீரில் விடுகிறது; உப்பு மிகுந்த பக்கத்தில் வெள்ளி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு எல்இடி எரியாது. சிவப்பு எல்இடிக்கே சுமார் 1.8 வோல்ட் தேவை.

படி 5: மீட்டர் இணைப்பைத் தொடாமல், கம்பிகளை அலசித் துடைத்து இடம் மாற்றுங்கள். எண் மாறாது, குறி மட்டும் தலைகீழாகும். எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுதான். கரைந்த பூச்சு மறுபக்கத்தில் திரும்பப் படிகிறது. இழந்ததை மின்முனை, அதாவது கம்பி, மீட்டுக்கொள்கிறது.

கம்பிகளை இடம் மாற்றாமல், அவற்றைச் சுற்றியுள்ள நீரை மாற்றினால் அதுவே கலப்பு என்ட்ரோபி மின்கலம், அதாவது இருவகை நீர் கலக்கும்போது வெளிப்படும் ஆற்றலைப் பிடிக்கும் மின்கலம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளி இல்லை. ஓவியர்களின் நிறமியான பிரஷ்யன் நீலமும் பாலிபிர்ரோல் என்ற மலிவான பாலிமரும் மின்முனைகள். சுத்திகரித்த கழிவுநீரையும் கடல்நீரையும் மாற்றி மாற்றிச் செலுத்தினார்கள். 180 சுழற்சிகளுக்குப் பிறகும் அது 97 சதவீதத் திறனோடு இயங்கியது. இரு நீரையும் பிரித்துவைக்கும் மெல்லிய சவ்வும் தேவைப்படவில்லை.

சவ்வு வழியும் உயிரோடுதான் இருக்கிறது. ஜப்பானின் ஃபுகுவோக்காவில் 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய நிலையம், சுத்திகரித்த கழிவுநீரை, கடல்நீரைக் குடிநீராக்கும்போது மிஞ்சும் அடர் உப்புநீரோடு சேர்க்கிறது. அந்த அடர்வின் பலனை அறிய, முதல் குவளையில் உப்பை இரட்டிப்பாக்கி நான்காம் படியைத் திரும்பச் செய்யுங்கள். 14 மில்லிவோல்ட் போலக் கூடும்.