அன்சிபிளில் சிடிஎன் எண்ட்பாயிண்ட் விவரம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர், கிளவுட் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் கருவியான அன்சிபிளில் எதையாவது உருவாக்கும் வேலை தப்பாகப் போனால் திரையில் சிவப்பு வரி வந்து நிற்கும். கவனிக்காமல் போக முடியாது. விவரத்தைப் படிக்க மட்டும் செய்யும் வேலை அப்படியில்லை. தப்பான இடத்தில் தப்பான கேள்வி கேட்டாலும் பச்சையில் ஓகே காட்டிவிட்டு, காலிப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். சிடிஎன் என்பது படம் போன்றவற்றின் நகலைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்து அனுப்பும் சேவை; அது தரும் முகவரிதான் எண்ட்பாயிண்ட். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட்டான அஸூரில் இந்த எண்ட்பாயிண்ட் விவரங்களை எடுத்துத் தரும் 'அஸூர்_ஆர்எம்_சிடிஎன்எண்ட்பாயிண்ட்_இன்ஃபோ' மாட்யூலில் (ஒரு வேலையைச் செய்யும் துண்டு நிரலில்) நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பச்சை வரியை நம்புவதில்தான் தொடங்குகின்றன.

சேலத்தில் இது யாருக்குத் தேவை என்று கேட்கலாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறவர்கள் புது மாடல் படங்களைத் தங்கள் தளத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கோடை விழாக் கூட்டம் மலையேறி வருவதற்கு முன் அறைப் படங்களை மாற்றுகிறார்கள். இப்படிப் பல தளங்களை இரண்டு மூன்று பேர் கொண்ட ஒரு சின்ன ஆபீஸ் பார்த்துக்கொள்ளும்போது, அஸூரின் இணையப் பக்கமான போர்ட்டலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அன்சிபிள் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பான ப்ளேபுக் எழுதத்தான் வேண்டும்.

காலிப் பட்டியலை விடையாக எடுத்துக்கொள்வது

இந்த மாட்யூலுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டியவை இரண்டு: ரிசோர்ஸ் குரூப் (அஸூரில் பொருள்களைத் தொகுத்து வைக்கும் பெட்டி), ப்ரொஃபைல் (எண்ட்பாயிண்டுகளின் தொகுப்பு) பெயர். எண்ட்பாயிண்டின் பெயர் விருப்பத்துக்குரியது. கொடுத்தால் அந்த ஒன்று மட்டும் வரும், கொடுக்காவிட்டால் ப்ரொஃபைலுக்குள் இருக்கும் எல்லாம் வரும்.

சிக்கல் பெயர் கொடுக்கும்போதுதான். 'கொலுசு-படம்' என்பதற்குப் பதில் 'கொலுசு-படங்கள்' என்று எழுதிவிட்டால் மாட்யூல் சண்டை போடாது, காலிப் பட்டியலைத் தரும். அடுத்த டாஸ்க் (ப்ளேபுக்கின் ஒரு படி) அந்தப் பட்டியலில் லூப் போட்டு கேஷை பர்ஜ் செய்வதாக (சேமித்து வைத்த பழைய நகலை அழிப்பதாக) இருந்தால், அது ஒரு தடவைகூட ஓடாது. ப்ளேபுக் நல்லபடியாக முடிந்த மாதிரி இருக்கும், கடைக்காரர் மட்டும் பழைய படமே தெரிகிறது என்று போன் செய்வார்.

தவிர்க்கும் வழி எளிது. விவரம் எடுத்த டாஸ்க்குக்கு அடுத்த வரியிலேயே ஒரு அசெர்ட் (நிபந்தனை பொய்த்தால் நிறுத்தும் சோதனை) போட்டு, பட்டியலின் நீளம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் வர வேண்டும் என்றால், சரியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நான்கு வரியை எழுதச் சோம்பல்படுகிறவர்கள் அதைவிட அதிக நேரத்தைத் தேடுவதில் செலவழிப்பார்கள்.

எண்ட்பாயிண்ட் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் விடை பட்டியலாகத்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 'சிடிஎன்எண்ட்பாயிண்ட்ஸ்' என்ற சாவிக்குள் முதல் உறுப்பை எடுத்து, அதிலிருந்துதான் மற்ற விவரங்களுக்குப் போக வேண்டும்.

பழைய ப்ளேபுக்கை அப்படியே எடுத்து ஓட்டுவது

முன்பு இந்த மாட்யூலின் பெயர் 'ஃபேக்ட்ஸ்' என்று முடியும். அன்சிபிள் 2.9 வந்தபோது அது 'இன்ஃபோ' ஆனது. பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த கோப்பில் மாட்யூல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, விடையை ரெஜிஸ்டர் செய்யாமல் (ஒரு மாறியில் சேமிக்காமல்) விட்டால் எடுத்த விவரம் காற்றோடு போய்விடும். இன்ஃபோ வகை மாட்யூல்கள் ஹோஸ்ட்டின் ஃபேக்ட்ஸில் (அந்த இயந்திரத்தைப் பற்றி அன்சிபிள் நினைவில் வைக்கும் விவரங்களில்) எதையும் சேர்த்து வைப்பதில்லை. 2.10க்குப் பிறகு அஸூர் மாட்யூல்கள் தனிக் கலெக்‌ஷனுக்குப் போய்விட்டதால், 'அஸூர்.அஸ்கலெக்‌ஷன்' என்ற முன்னொட்டோடு முழுப்பெயரை எழுதுவது நல்லது.

எந்த இயந்திரத்தில் ஓடுகிறது?

ஹோஸ்ட்ஸ் என்ற இடத்தில் 'ஆல்' என்று போட்டுவிட்டு இந்த டாஸ்க்கை வைத்தால், உங்கள் இன்வென்ட்டரியில் (சர்வர்களின் பட்டியலில்) எத்தனை சர்வர் இருக்கிறதோ அத்தனையிலிருந்தும் அஸூரிடம் ஒரே கேள்வி போகும். அந்த சர்வர்களில் அஸூர் பைத்தான் நூலகங்கள் இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் பிழை வரும். லோக்கல்ஹோஸ்ட்டில் (அன்சிபிள் ஓடும் கணினியிலேயே) ஓட்டுங்கள், அல்லது அந்தக் கணினிக்கு டெலிகேட் செய்து ஒரே தடவை ஓடும்படி வையுங்கள்.

லோக்கல்ஹோஸ்ட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்வென்ட்டரியில் லோக்கல்ஹோஸ்ட்டை நீங்களாக எழுதாதவரை, அன்சிபிள் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதையே மாட்யூலுக்கும் பயன்படுத்தும். நீங்களே ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டால், கணினியில் கண்ணில் பட்ட வேறொரு பைத்தானைப் பிடித்துக்கொள்ளலாம். வர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் (தனியாகப் பிரித்து வைத்த பைத்தான் சூழலுக்குள்) கலெக்‌ஷனின் தேவைப் பட்டியலை பிப் வைத்து ஒழுங்காக நிறுவியிருந்தும் 'நூலகம் இல்லை' என்று பிழை வந்தால், முதலில் இங்கேதான் பாருங்கள். அந்த வரியில் பைத்தான் இன்டர்ப்ரெட்டராக 'அன்சிபிள்_ப்ளேபுக்_பைத்தான்' மாறியைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

சாவி யாருடையது, கதவு எது

இன்னொரு கிளவுட் கருவியான டெராஃபார்ம் பழகியவர்கள் அன்சிபிளுக்கு வரும்போது என்விரான்மென்ட் மாறிகளின் பெயரில் தடுமாறுவார்கள். நிரல்கள் அஸூரில் நுழையப் பயன்படுத்தும் கணக்கான சர்வீஸ் ப்ரின்சிபலின் ரகசியத்தை (கடவுச்சொல்லை) டெராஃபார்ம் 'ஏஆர்எம்_கிளையன்ட்_சீக்ரெட்' என்று எதிர்பார்க்கும், அஸூரின் பைத்தான் நூலகம் 'அஸூர்_கிளையன்ட்_சீக்ரெட்' என்று கேட்கும், அன்சிபிளுக்கோ வெறும் 'அஸூர்_சீக்ரெட்' தான். யாரும் ஒத்துப்போகவில்லை, நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட மோசமானது சப்ஸ்க்ரிப்ஷன் (அஸூரின் கட்டணக் கணக்கு) மாறிப்போவது. பல வாடிக்கையாளர்களைக் கையாளுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சப்ஸ்க்ரிப்ஷன் இருக்கும். அன்சிபிள் முதலில் டாஸ்க்கில் கொடுத்த மதிப்பைப் பார்க்கும், அப்புறம் என்விரான்மென்ட் மாறிகள், அதற்கப்புறம் க்ரெடென்ஷியல் கோப்பு, கடைசியில்தான் அஸூர் சிஎல்ஐயின் (டெர்மினலில் கட்டளை கொடுக்கும் கருவியின்) லாகின். காலையில் கொலுசுக் கடைக்காக எக்ஸ்போர்ட் செய்த மாறிகள் டெர்மினலில் அப்படியே இருக்க, மாலையில் ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்காகச் சிஎல்ஐயில் லாகின் செய்துவிட்டு ப்ளேபுக்கை ஓட்டினால், அது கொலுசுக் கடையின் கணக்கில்தான் போய்த் தேடும். சப்ஸ்க்ரிப்ஷன் ஐடியை ஒவ்வொரு வாடிக்கையாளரின் மாறிக் கோப்பிலும் எழுதி, டாஸ்க்குக்கே கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. படிக்க மட்டும் செய்யும் ப்ளேபுக்குக்குக் கான்ட்ரிபியூட்டர் (மாற்றவும் அழிக்கவும் முடிந்த) உரிமை கொடுப்பது தேவையில்லாதது. அஸூரிலேயே 'சிடிஎன் எண்ட்பாயிண்ட் ரீடர்', 'சிடிஎன் ப்ரொஃபைல் ரீடர்' என்று தயாராக ரோல்கள் இருக்கின்றன. ரகசியம் வெளியே போனாலும் யாரும் எதையும் அழிக்க முடியாது.

ஃப்ரன்ட் டோரை சிடிஎன் என்று நினைத்துத் தேடுவது

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அஸூர் சிடிஎன் என்ற பெயரில் முன்பு பல நிறுவனங்களின் சேவை கிடைத்தது. அகமாய் வழி வந்தது 2023 அக்டோபர் 31ல் நின்றது. வெரிசான் என்று தொடங்கி எட்ஜியோ என்று பெயர் மாறியது, அந்த நிறுவனம் திவாலானதால் 2025 ஜனவரி 15ல் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த கிளாசிக் சேவைக்கும் 2027 செப்டம்பர் 30 என்று முடிவு தேதி குறித்தாகிவிட்டது. எல்லோரும் போய்ச் சேரும் இடம் மைக்ரோசாஃப்ட்டின் புதுச் சேவையான அஸூர் ஃப்ரன்ட் டோர்.

ஃப்ரன்ட் டோர் ஸ்டாண்டர்டும் ப்ரீமியமும் அதே 'மைக்ரோசாஃப்ட்.சிடிஎன்' ரிசோர்ஸ் ப்ரொவைடருக்குக் கீழேதான் வருகின்றன, அங்கேயும் ப்ரொஃபைல் என்றுதான் பெயர். ஆனால் உள்ளே இருக்கும் எண்ட்பாயிண்ட் வேறு வகை. ஆகவே புதுச் சேவைக்கு மாறிய பிறகும் பழைய மாட்யூலையே வைத்து விவரம் கேட்டால் உங்கள் எண்ட்பாயிண்ட் கிடைக்காது. அதற்குத் தனியாக 'அஸூர்_ஆர்எம்_ஏஎஃப்டிஎண்ட்பாயிண்ட்_இன்ஃபோ' இருக்கிறது. உங்களுடையது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் முகவரியைப் பாருங்கள்: பொதுவாகக் கிளாசிக் என்றால் 'அஸூர்எட்ஜ்.நெட்' என்று முடியும், ஃப்ரன்ட் டோர் என்றால் 'அஸூர்எஃப்டி.நெட்'. கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு மாட்யூலையும் ஓட்டி, இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கிடைத்த விவரத்தைத் தப்பாகப் படிப்பது

'ப்ரொவிஷனிங் ஸ்டேட்' என்ற இடத்தில் 'சக்சீடட்' என்று இருந்தால், அமைப்பை மாற்றச் சொன்ன கோரிக்கை அஸூரிடம் நிறைவேறியது என்றுதான் அர்த்தம். எண்ட்பாயிண்ட் ஓடுகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை 'ரிசோர்ஸ் ஸ்டேட்' சொல்லும். அங்கே 'ஸ்டாப்டு' என்று இருந்துகொண்டே மேலே 'சக்சீடட்' இருக்கலாம். கண்காணிப்புக்கு எழுதும் ப்ளேபுக்கில் இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தாலும் மாற்றம் உலகம் முழுக்க உள்ள முனைகளுக்கு (நகல் வைத்திருக்கும் சர்வர்களுக்கு) பரவ நேரம் பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் கிளாசிக் சேவையில் பொதுவாகப் பத்து நிமிடம் என்கிறார்கள்.

லொகேஷன் என்ற இடத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. சேலத்து வாடிக்கையாளருக்கு அமெரிக்காவின் பெயர் ஏன் வருகிறது, சென்னையில் இருக்கும் சவுத் இந்தியா ரீஜனுக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். அந்த விவரம் எண்ட்பாயிண்டின் குறிப்புகள் எங்கே பதிவாகியிருக்கின்றன என்பதை மட்டும்தான் சொல்கிறது. படங்கள் எந்த முனையிலிருந்து போகின்றன என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆரிஜின் முகவரியும் அப்படித்தான். அது மூல சர்வரின் முகவரி. அதை எடுத்து டிஎன்எஸ்ஸில் சி-நேம் பதிவாக (ஒரு பெயரை இன்னொரு முகவரிக்குத் திருப்பும் பதிவு) கொடுத்துவிட்டால் வருகிறவர்கள் சிடிஎன்னைத் தொடாமல் நேரே மூலத்துக்கே போவார்கள். தளம் திறக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, சர்வர் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

'க்வெரி ஸ்ட்ரிங் கேஷிங்' மதிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வழக்கமான அமைப்பு 'இக்னோர் க்வெரி ஸ்ட்ரிங்'. படத்தின் முகவரியில் கேள்விக்குறி போட்டுப் பதிப்பு எண்ணை மாற்றினால் புதுப் படம் வந்துவிடும் என்று தளம் செய்தவர் நம்பியிருப்பார். இந்த அமைப்பில் கேள்விக்குறிக்குப் பின் வருவதை சிடிஎன் கண்டுகொள்ளாது, பழைய படமே வரும்.

டேக் (எண்ட்பாயிண்டில் ஒட்டிய குறிச்சொல்) வைத்து வடிகட்டும்போது பட்டியலாகக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் சாவி மட்டுமாகவோ, நடுவில் முக்காற்புள்ளி வைத்துச் சாவியும் மதிப்புமாகவோ இருக்கலாம். உருவாக்கும் மாட்யூலில் டேக் எழுதிய பழக்கத்தில் இங்கேயும் டிக்‌ஷனரியாக எழுதினால் பிழை வரும். மதிப்பில் ஓர் எழுத்து மாறினால் பிழை வராது, மறுபடியும் காலிப் பட்டியல்தான்.