சீனியர் பேசட்டும் சார்: சக மாணவர் குழுவுக்கு ஆசிரியர்களைப் பழக்கும்போது நடக்கும் தவறுகள்

ஊட்டியில் ஒரு ஜூலை மாதம். தகரக் கூரையில் விடாத மழை. உள்ளே நாற்பது கல்லூரி ஆசிரியர்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் ‘காது கொடுத்துக் கேட்பது எப்படி’ என்று ஒரு ஸ்லைடு. பயிற்சி கொடுக்க வந்தவர் அந்த ஒரு ஸ்லைடைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. வந்த அந்த ஆள் நான்தான்.

அதற்கப்புறம் நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று பல இடங்களில் இதே பயிற்சியை நடத்திவிட்டேன். பாதித் தவறுகளை நானே செய்து பார்த்துவிட்டதால் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர் என்று பிரித்துக் கொடுத்து ஃபைல் போடுகிறோமே, அந்த மென்டர்–மென்டீ ஏற்பாடு வேறு. சக மாணவர் குழு என்பது இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரோடு முதலாண்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவது. ஆசிரியர் அங்கே ஓரமாக இருப்பார். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் நகர வளாகத்தில் 1973-இல் இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு கடினமான பாடத்தை ஏற்கெனவே நன்றாகப் படித்து முடித்த மாணவர், இப்போது அதைப் படிப்பவர்களோடு உட்காருவார். பாடத்தை மறுபடி நடத்த அவருக்கு அனுமதி கிடையாது. எப்படிக் குறிப்பு எடுத்தோம், எங்கே தடுமாறினோம் என்பதைப் பேசலாம். பிறகு அது பல நாடுகளுக்குப் போனது.

மாணவருக்கே பாடம் நடத்த அனுமதியில்லாத இடத்தில் ஆசிரியர் நடத்தினால்? அங்கிருந்துதான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

பயிற்சியையே சொற்பொழிவாக நடத்துவது முதல் தவறு. இரண்டு நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), குத்துவிளக்கு, பவர்பாயின்ட், மதியம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். ‘குறைவாகப் பேசுங்கள்’ என்று நீளமாகப் பேசிக் கற்றுத்தர முடியாது. இப்போது நான் அரை மணி நேரத்துக்கு மேல் பேசுவதில்லை. மீதி நேரம் ஒத்திகைதான். ஐந்து ஆசிரியர்கள் முதலாண்டுப் பிள்ளைகளாக உட்காருவார்கள். ஒருவர் சீனியர், ஒருவர் குழுவை நடத்தித் தரும் ஆசிரியர். ‘பிள்ளைகள்’ கையில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு: ‘பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, இங்கே அக்கவுண்டன்சி தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை’, ‘வீட்டில் கல்யாணப் பேச்சு’, ‘ஹாஸ்டல் சாப்பாடு இறங்கவில்லை’. எட்டாவதாக ஒருவர் கைக்கடிகாரத்தோடு சுவரோரம் நிற்பார். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று குறிப்பது மட்டுமே அவர் வேலை.

ஒரு முறை வணிகவியல் பேராசிரியர் ஒருவர், இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம், மாணவர்களுக்கு மிகவும் பிடித்தவர், ஆசிரியர் வேடத்தில் உட்கார்ந்தார். இருபது நிமிட ஒத்திகையில் பதினாலு நிமிடம் அவரே பேசியிருந்தார். சீனியராக உட்கார்ந்தவர் சொன்ன ஒரே வாக்கியம், “ஆமா சார்.” கணக்கைக் காட்டியதும், “நான் எங்க சார் பேசினேன், எடுத்துதான கொடுத்தேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நமக்குத் தெரிவதே இல்லை. எந்த ஸ்லைடும் செய்யாததை அந்தக் கடிகாரம் செய்துவிடுகிறது.

அடுத்தது மௌனத்தைக் கண்டு பயப்படுவது. கேள்வி கேட்ட மறு நொடி பதில் வராவிட்டால் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒத்திகையில் உட்கார்ந்து பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும்.

இங்கே மூன்று நொடியும் போதாது. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்தோ (படுகர் ஊர்) பந்தலூர் எஸ்டேட் லயனிலிருந்தோ (தொழிலாளர் வரிசை வீடு) வந்த பிள்ளை, கேள்வி கேட்டதும் ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு தரையைப் பார்க்கும். அது பதில் இல்லை என்று அர்த்தமில்லை, யோசிக்கிறது. அதனால் ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் வழி: கையில் ஒரு டம்ளர் டீ வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் ஒரு வாய் குடியுங்கள், சூடாக இருந்தால் ஊதிக் குடியுங்கள். மலையில் டீக்கா பஞ்சம்?

மூன்றாவது தவறு இதன் தம்பி: பதில் தெரிந்ததும் சொல்லிவிடுவது. ஒரு குழுவில் நான் ஓரமாக இருந்தபோது ஒரு பெண், “எல்லாருக்கும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபா வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரல” என்றாள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம். அலுவலகத்தில் போய்க் கேள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. டீயைக் குடித்தேன். சீனியர் பெண் கேட்டாள்: “காலேஜ்ல குடுத்த அக்கவுண்ட்தான் ஆதாரோட சேர்ந்திருக்கா, இல்ல வேற ஏதாவது இருக்கா?” யோசித்துப் பார்த்தால், அம்மா பள்ளி நாளில் வேறொரு வங்கியில் ஆரம்பித்த கணக்கு ஒன்று இருந்தது. பாஸ்புக் எங்கே என்றே தெரியாது. பணம் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. போன வருஷம் தனக்கே நடந்ததால் அவளுக்குத் தோன்றியது.

அதனால்தான் சீனியரை மதிப்பெண் பட்டியலை வைத்துப் பொறுக்குவதும் தவறு என்கிறேன். இரண்டு அரியர் வைத்து எழுதி மீண்ட பிள்ளை, ரேங்க் எடுத்த பிள்ளையைவிட நல்ல சீனியராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். துறைத்தலைவர்கள் இதை லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி சொல்வது விளையாட்டில்லை. “இங்க பேசுறது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது” என்று முதல் நாளே வாக்குக் கொடுக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு. முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்குப் பதினேழு வயது. பதினெட்டு நிரம்பாத ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ராகிங் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2009 விதிமுறைகள் இருக்கின்றன. வயது வந்த பெண்ணுக்குக் கல்லூரியில் பாலியல் தொல்லை என்றால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகக் குழுவிடம் போகலாம், அதற்கு மூன்று மாதக் கெடு உண்டு என்பதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். ‘வாழவே பிடிக்கவில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைச் சீனியர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண் எல்லாச் சீனியர் போனிலும் இருக்க வேண்டும். அன்றைக்கே ஆசிரியர் தனியாக அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும்.

ஆகவே முதல் நாள் சொல்ல வேண்டியதை நாங்கள் இப்படி எழுதிக் கொடுக்கிறோம்: “இங்கே பேசுவதை வெளியே கதையாகச் சொல்ல மாட்டோம். ஆனால் உங்கள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வோம், சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வோம்.” ஆசிரியர்கள் இதை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பழக வேண்டும். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் போலீஸ் அறிக்கை மாதிரி கேட்கும்.

மொழி விஷயம். படுகப் பிள்ளைகள் தங்களுக்குள் படுகில் பேசிக்கொண்டால், “எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க” என்று ஆசிரியர் குறுக்கே விழுவார். கூடலூர்ப் பக்கம் மலையாளம், பனியர் மொழி எல்லாம் கலந்து ஓடும். ஓடட்டும். கடைசியில் யாராவது ஒருவர் தமிழில் சுருக்கிச் சொன்னால் போதும். ஆசிரியருக்குப் புரியாத பத்து நிமிடத்தில்தான் சில சமயம் உண்மையான பேச்சு நடக்கிறது.

நேரம் பற்றி ஒரே வரி: நாலு மணிக்கு மேல் வைக்காதீர்கள், கடைசி பஸ்ஸை விட்ட பிள்ளை பந்தலூர் ரோட்டில் இருட்டில் யானைக்குப் பயந்து நடக்க முடியாது.

அப்புறம் ஃபைல். கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்பின் ஆய்வில் மென்டர் எத்தனை, மாணவர் எத்தனை என்று கேட்கிறார்கள். உடனே குழுவுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு பிள்ளையின் ‘பிரச்சினை’க்கு ஒரு கட்டம், கீழே கையெழுத்து, கூடவே எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோ டேக் போட்ட போட்டோ. ‘அப்பா குடிப்பார்’ என்று ஒரு கட்டத்தில் எழுதி வைத்த ஃபைல் அலுவலக மேசையில் திறந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தக் குழுவில் யார் வாய் திறப்பார்கள்? தேதி, வந்தவர் எண்ணிக்கை, பேசிய பொருள் ஒரு வரியில். இதற்கு மேல் எழுத வேண்டாம். ஆய்வுக்கு இதுவே போதும்.

கடைசியாக, பயிற்சி முடிந்ததும் ஆசிரியர்களை அம்போ என்று விட்டுவிடுவது. மூன்றாவது வாரம் ஒரு குழு முறைத்துக்கொண்டு உட்காரும், சீனியர் வராமல் போவார், இரண்டு பேர் சண்டை போடுவார்கள். அந்த ஆசிரியர் யாரிடம் கேட்பார்? எங்கள் ஏற்பாட்டில் ஐந்தாறு ஆசிரியர்கள் பருவத்துக்கு நாலு முறை கூடி, மாணவர்களைப் போலவே வட்டமாக உட்கார்ந்து, தங்கள் குழுவில் என்ன சொதப்பியது என்று பேசுகிறார்கள். இங்கேயும் கடிகாரம் உண்டு. ஒருவர் பதினைந்து நிமிடம் சொல்வார், மற்றவர்கள் முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. கஷ்டமான விதி, நானே மூன்று தடவை மீறி வாங்கிக்கட்டிக்கொண்டேன். தேதி குறிக்கும்போது டிசம்பர், ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வாரத்தையும், சீசனில் ரோடு அடைத்துக்கொள்ளும் மே மாதத்தையும் விட்டுவிடுங்கள். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.