கல்வாழை வைப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

குளியலறைத் தண்ணீர் போய்த் தேங்கும் மூலையில் என்ன வைக்கலாம் என்று கேட்டால் கல்வாழை என்றுதான் சொல்வேன். ஆறடிக்கு வளரும், ஈரத்திலேயே நின்றாலும் சோராது, நம் ஊர் வெயிலில் ஆண்டு முழுவதும் பூக்கும். எங்கள் தெருவில் இப்போது பலர் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்தெல்லாம் நடக்கிறது. தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவற்றைச் செடியே காட்டிக்கொடுத்துவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

நிழல் மூலை

ஈரம் மட்டும் போதாது. ஆறு மணி நேரமாவது வெயில் விழாத இடத்தில் இலைதான் வரும், பூ வராது.

வெட்டிய கையோடு சேற்றில் புதைப்பது

வளர்ந்த செடி சேற்றில் நிற்கும், ஆனால் புதிதாக வெட்டிய கிழங்கு நிற்காது. வெட்டுவாயை ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு, முளை மேலே பார்த்தபடி மூன்று நான்கு அங்குல ஆழத்தில் வையுங்கள். அடைமழை நேரமென்றால் கொஞ்சம் மேடு கட்டி வைப்பது நல்லது.

கோடு போட்ட இலையைப் பார்த்து மயங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ‘பெங்கால் டைகர்’ என்றொரு ரகம் உண்டு, இலை முழுக்க மஞ்சள் வரி. “அதுதான் இது” என்று சொல்லி, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் எங்கிருந்தோ இலையோடு ஒரு கிழங்கு கொண்டுவந்தார். பார்த்ததுமே சந்தேகம். வரிகள் அங்கங்கே அறுந்திருந்தன, இலை ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. “சார், இது தேமல் நோய், வேண்டாம்” என்றேன். “உங்களுக்கு எல்லாமே நோய்தான்” என்று சிரித்துவிட்டு நட்டார். அடுத்த மழைக்குள் அவர் பாத்தி முழுவதும் குட்டையாகிப் போனது. அதற்குள் அதைப் பிரித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் தானமும் செய்துவிட்டார்!

இது வைரஸ். எந்த மருந்துக்கும் கேட்காது. கிழங்குக்குள்ளேயே இருப்பதால் இலையை வெட்டினாலும் புது இலையில் திரும்ப வரும். வெட்டும் கத்தியில் ஒட்டிப் போகும், சில வகைகளை அசுவினிப் பூச்சியும் பரப்பும். நிஜமான வரி ரகத்தில் நடு நரம்பிலிருந்து ஓரம்வரை கோடுகள் சீராக ஓடும், எல்லா இலையிலும் ஓடும். நோயில் ஓர் இலையில் திட்டு, இன்னொன்றில் கீற்று, பூவின் நிறமும் சிதறியிருக்கும். அதனால் கிழங்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், இலையோடு நிற்கும் தாய்ச்செடியைப் பாருங்கள். நோய் கண்டால் மண்ணைத் தோண்டித் துண்டுகூட மிஞ்சாமல் எடுத்து எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும். ஒவ்வொரு தூரைப் பிரித்ததும் கத்தியைத் தீயில் காட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

பூத்து முடிந்த தண்டு

அடியோடு வெட்டுங்கள். அது மறுபடி பூக்காது.

சுருண்ட இலை

பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். நசுக்கினால் போதும், மருந்தடிக்க ஓடாதீர்கள்.

ஆசிட் தண்ணீர்

சோப்புத் தண்ணீரைக் கல்வாழை தாங்கும். ஆசிடோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவும் நாளில் மட்டும் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.