பிள்ளையின் கட்டுரையைப் பிள்ளையே எழுத: பெற்றோருக்கு மூன்று மாலை வேலை

"அன்பு, நட்பு, சுற்றாடலைப் பேணல் பற்றிய எனது எண்ணங்கள்" என்று ஒரு தலைப்பைக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டு பிள்ளை பாடசாலையிலிருந்து வருகிறது. அன்றிரவு கொழும்பில் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அம்மா கைப்பேசியில் தேடுகிறார், அப்பா தம் பள்ளிக்கால நினைவிலிருந்து நான்கு வரி சொல்கிறார், பிள்ளை இரண்டையும் சேர்த்து அழகான எழுத்தில் பார்த்தெழுதுகிறது. அடுத்த நாள் ஆசிரியரின் மேசையில் குவியும் கட்டுரைகளில் பாதி முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியோடு தொடங்கி, "ஆகவே நாம் அனைவரும்" என்ற தொடரோடு முடிகின்றன. தமிழ் கற்பிக்கும் ஆசிரியையாக அந்த மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பாரியின்மேல் எனக்குக் குறையேதும் இல்லை. தலைப்பில் "எனது" என்றொரு சொல் இருப்பதை எவரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் குறை.

இந்தக் குறையைச் சொல்ல எனக்கு முழு உரிமையும் இல்லை. ஒருமுறை தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் போகவிருந்த மாணவன் ஒருவனின் கட்டுரையை நானே வரிக்கு வரி மாற்றி எழுதிக் கொடுத்தேன். பரிசும் கிடைத்தது. பின்னர் அதையே பேச்சாக்கிக் காலைக் கூட்டத்தில் பேச வைத்தபோது, "சுற்றாடற் சமநிலை" என்ற இடத்தில் அவன் நின்றுவிட்டான். மறந்துபோனதால் அல்ல, அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அந்த வெட்கத்துக்குப் பின்னர் நான் கைக்கொண்ட முறையையே இங்கே சொல்கிறேன். இதற்கு மூன்று மாலைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை மணித்தியாலம் போதும்.

முதல் மாலை: பேனை வேண்டாம்

முதல் நாளில் எழுதவே கூடாது. பிள்ளைக்குப் பிடித்த நேரத்தில், இரவுச் சாப்பாட்டின்போதோ மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போதோ, கேள்விகளை மட்டும் கேளுங்கள். "அன்பு என்றால் என்ன?" என்று கேட்டால் பிள்ளை புத்தகத்தில் உள்ளதைத்தான் ஒப்புவிக்கும், ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பெரியவர்களிடமும் வேறு பதில் கிடையாது. "இந்தக் கிழமை உனக்கு யார் அடிமட்டம் தந்தது?", "இடைவேளையில் தனியாக இருந்து சாப்பிடுகிற பிள்ளை யார்?", "யாரோடு கோபம், ஏன்?" என்று கேளுங்கள். பெயர், இடம், பொருள் மூன்றும் பதிலில் வரும்படியான கேள்வியே பயன்படும்.

பதில் வந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். "அப்பிடியா, பிறகு?" என்பதற்குமேல் அன்று நீங்கள் பேச வேண்டியதில்லை.

ஆறாம் தரத்து மாணவி ஒருத்தி முதலில் எனக்குக் கொண்டுவந்த கட்டுரையில், "நட்பு என்பது உயிரினும் மேலானது" என்று எழுதியிருந்தாள். எந்த நட்பு என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, காய்ச்சலில் தான் நான்கு நாள் வராதபோது பக்கத்து இருக்கைப் பிள்ளை விஞ்ஞானக் குறிப்புகளை எல்லாம் தனக்காக எழுதி வைத்திருந்ததைச் சொன்னாள். அதை எதில் எழுதி வைத்தாள் என்று மேலும் கேட்டதற்கு வந்த விடைதான் கட்டுரை: "தன்ட கொப்பியில இருந்து நடுத்தாளக் கழட்டி எழுதித் தந்தவ, ரீச்சர்." கொப்பியின் வேறெந்தத் தாளைக் கிழித்தாலும் அதன் மறுபாதி பின்னர் தளர்ந்து விழுந்துவிடும். நடுத்தாளை மட்டும் கம்பியைத் தூக்கிக் கழற்றினால் கொப்பிக்குச் சேதம் வராது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று இதையெல்லாம் யோசித்துத் தன் தோழிக்குத் தாள் கொடுத்திருக்கிறது. அன்பும் இருக்கிறது, நட்பும் இருக்கிறது, கடதாசியை வீணாக்காத கவனமும் அதே தாளில் இருக்கிறது. பாரியைத் தேடிப் போக வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

கொழும்புப் பிள்ளைகளிடம் தவறாமல் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, பாடசாலை வேனில் பக்கத்தில் இருப்பவர் யார் என்பது. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு வகுப்பறை முழுவதும் தமிழ் பேசுவோரே. ஆனால் வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ புறப்படும் வேனில் வேறு பாடசாலைச் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள். "மல்லி" (தம்பி), "நங்கி" (தங்கை) என்ற இரண்டு சிங்களச் சொற்களோடும் ஒரு பிஸ்கட் பொதியோடும் தொடங்குகிற நட்புகள் அங்கே பல உள்ளன. அவற்றைக் கட்டுரைக்கு உகந்தவை என்று பிள்ளைகள் கருதுவதில்லை. உகந்தவைதான் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சண்டையையும் ஒதுக்காதீர்கள். "என் நண்பி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள், ஏனென்று தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதினால், அதை அழித்துவிட்டு "நண்பர்கள் ஒற்றுமையாக வாழ்வர்" என்று எழுதச் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரிதான் அந்தக் கட்டுரையில் உயிரோடு இருந்தது.

இரண்டாம் மாலை: வெளியே போய்ப் பார்ப்பது

சுற்றாடல் என்றதும் பிள்ளைகள் ஓசோன் படையிலும் உருகும் பனிமலையிலும் தொடங்குகிறார்கள். கொழும்பில் பனிமலை இல்லை. ஆகவே பிள்ளையின் சாப்பாட்டுப் பொதியைச் சுற்றிய தாளிலிருந்து தொடங்குங்கள். அது எங்கே போகிறது என்று கேட்டு, இருவருமாக அதன் பின்னால் போங்கள். வகுப்பறைக் குப்பைவாளி, பாடசாலை வாசல், மாநகர சபை லொறி, அதன் பின்?

பெரியவர்களுக்குத் தெரிந்த வரலாறு இங்கேதான் பயன்படுகிறது. கொழும்பின் குப்பை பல ஆண்டுகளாக மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, அது சரிந்து அயல் வீடுகளை மூடியதில் 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். பயமுறுத்தாமல், நடந்ததை நடந்தபடி சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். அந்த ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரிஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவையும் தடைக்குள் வந்தன. இதைச் சொன்ன பின் பிள்ளையை அருகிலுள்ள கடைக்கு அழைத்துச் சென்று, கடைக்காரர் எதில் கட்டித் தருகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைப் பிள்ளை எழுதட்டும். சட்டம் ஒன்றாகவும் கடை வேறாகவும் இருந்தால் அதையும் எழுதட்டும்.

கெரவலப்பிட்டியில் 2021 இல் திறக்கப்பட்ட நிலையத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஈரமான சோற்றுக் கழிவு சேர்ந்தால் குப்பை சரியாக எரியாது. மிஞ்சிய சோற்றையும் பொலித்தீனையும் ஒரே பையில் கட்டக் கூடாது என்று வீட்டில் ஏன் சொல்கிறோம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. பச்சை வாளியில் உக்கக்கூடியது, நீல வாளியில் கடதாசி, செம்மஞ்சள் வாளியில் பிளாஸ்டிக் என்பது பல பிள்ளைகளுக்குப் பாடசாலையில் மனப்பாடம். காரணம் தெரிந்தால்தான் மனப்பாடம் வீட்டுக்கும் வரும்.

கடலோரம் இருப்பவர்கள் கடலுக்குப் போகலாம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி, பின்னர் மூழ்கியது. அப்போது பருப்பு மணியளவான வெண்ணிறப் பிளாஸ்டிக் உருண்டைகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. இது வேறெவரோ செய்த குற்றம் என்று பிள்ளை சொல்லக்கூடும், சொல்வதும் சரிதான். ஆனால் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால், மிதந்து வரும் யோகட் கோப்பைகளுக்குக் கப்பல் எதுவும் காரணமல்ல என்பது அதற்கே விளங்கும்.

அந்த யோகட் கோப்பை இன்னொரு கதையையும் வைத்திருக்கிறது. மழைக்குப் பின் அதில் தேங்கும் ஒரு மேசைக்கரண்டி நீர் டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். இலங்கையில் 2017 இல் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குத் தொற்றுக்கு உள்ளாயினர். மாடிக்குடியிருப்பில் ஒரு வீட்டுப் பூச்சாடித் தட்டில் பிறக்கும் நுளம்பு அடுத்த வீட்டு அம்மம்மாவையும் கடிக்கும். ஒரு தட்டுத் தண்ணீரைக் கொட்டுவது அன்பா, சுற்றாடலைப் பேணுவதா என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இத்தலைப்பின் மூன்று சொற்களும் ஏன் ஒன்றாக நிற்கின்றன என்பதைப் பிள்ளை அங்கே தானாகக் கண்டுகொள்ளும்.

விடுமுறை நாள் கிடைத்தால் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அதிகாலையிலேயே போய்வாருங்கள். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், கொழும்பு 2018 இல் ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இந்தச் சதுப்பு நிலங்கள் நிரப்பப்பட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். பிள்ளைக்கு அதைவிட, இந்த நகரத்தின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது என்ற செய்திதான் பிடிக்கும். இரவில் உலாவும் அதைக் காண்பது அரிது; கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பைக் காண்பது எளிது என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் மாலை: எழுதுவது

இப்போதும் பேனையைப் பிள்ளையிடமே கொடுங்கள். எழுதத் தயங்கும் பிள்ளையானால் முதலில் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்து, பின் அதைப் போட்டுக் கேட்டபடி எழுத விடலாம். பேச்சுத்தமிழில் வந்ததை எழுத்துத்தமிழாக்குவது மட்டுமே உங்கள் பங்கு. "நடுத்தாளக் கழட்டித் தந்தவ" என்பது "நடுத்தாளைக் கழற்றித் தந்தாள்" ஆகும். "நட்பின் சின்னமாகத் தாளை நல்கினாள்" ஆகிவிடக் கூடாது. ஒரு சொல்லைப் பிள்ளை வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை, பொருள் கேட்டால் சொல்லவும் முடியாது என்றால், அது கட்டுரைக்கு வேண்டாம்.

தொடக்கம் நடந்த ஒன்றாக இருக்கட்டும். ஆண்டும் எண்ணும் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். மேலே நான் அடுக்கியவை பிள்ளை விளங்கிக்கொள்வதற்கேயன்றி, அத்தனையையும் எழுதுவதற்கல்ல. முடித்ததும் "வேண்டும்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். "மரம் நட வேண்டும்", "அன்பு காட்ட வேண்டும்", "நீரைச் சேமிக்க வேண்டும்" என்று பத்துக்குக் குறையாமல் இருக்கும். ஒவ்வொன்றையும் "செய்தேன்" அல்லது "செய்யப்போகிறேன்" என்று மாற்ற முடியுமா என்று பார்க்கட்டும்; முடியாதவற்றை வெட்டிவிடட்டும். நூறு மரம் நடப்போவதாக எழுதும் பிள்ளையிடம், நான்காம் மாடியில் எங்கே நடுவாய் என்று கேட்பது கேலியல்ல. பல்கனியில் ஒரு சாடிக் கற்பூரவள்ளி என்று அது திருத்தி எழுதும், எழுதியதைச் செய்தும் விடும்.

எழுத்துப் பிழைகளைக் கடைசியில் பாருங்கள். ன, ண, ல, ள, ழ ஆகியவற்றில் மூன்று பிழைகளைக் காட்டினால் போதும். இருபதைக் காட்டினால் அடுத்த கட்டுரை உங்களிடம் வராது. பிறகு பிள்ளை உரக்க வாசிக்கட்டும். மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை முறிக்கலாம், தானாகச் சிரிக்கும் இடத்தை விட்டுவைக்கலாம்.

நடுத்தாள் மாணவி தன் கட்டுரையை எழுதி வந்தது, பழைய கொப்பிகளில் எழுதாமல் எஞ்சிய தாள்களைச் சேர்த்து அவளுடைய அம்மம்மா ஊசி நூலால் தைத்துக் கொடுத்த ஒரு கொப்பியில். சில தாள் ஒற்றைக்கோடு, சில தாள் சதுரக்கோடு. அதைப் பற்றி அவள் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதத்தக்க விடயம் அதுவென்று அவளுக்குத் தோன்றவில்லை. நான் கேட்ட பின்னரே சேர்த்தாள். இப்படிப் பிள்ளையின் கண்ணுக்குத் தப்பிய ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

திருத்திய பிரதியை ஆசிரியரிடம் கொடுத்த பின் முதற்பிரதியை எறிந்துவிடாமல், திகதியிட்டு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த தவணையில் "எனது நண்பன்" என்ற தலைப்பு வரும். அது வராத தவணையை நான் கண்டதில்லை.