பிராசசரை ஓவர்கிளாக் செய்யும்போது பலரும் சறுக்கும் இடங்கள்

ஓவர்கிளாக் என்றால், கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி பிராசசரை நாமே ஓட வைப்பது. 2011-இல் வந்த இன்டெலின் கோர் ஐ7 2600கே பிராசசரின் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். நல்ல கூலர் ஒன்றை மாட்டி அதை 4.5 வரை ஏற்றியவர்கள் ஏராளம். அந்தக் காலத்து ஆசையோடு இன்றைய பிராசசரை நெருங்குவதுதான் முதல் தவறு. இன்டெலின் கோர் ஐ9 14900கே, நாம் எதையும் தொடாமலேயே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. பிழிய வேண்டியதைக் கம்பெனியே பிழிந்துவிட்டது. மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்காக எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

வாங்கும்போதே சறுக்குகிறவர்களும் உண்டு. இன்டெல் என்றால் பிராசசர் பெயரில் கே இருக்க வேண்டும், மதர்போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் பெரும்பாலும் வேகத்துக்குப் பூட்டில்லாமல்தான் வருகிறது. ஆனால் ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் ஓவர்கிளாக் வசதி கிடையாது. கடையில் கேட்டால் “எல்லாம் ஓடும் சார்” என்பார்கள். ஓடும்தான், ஆனால் வேகத்தை ஏற்ற முடியாது.

சரி, பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய்விட்டோம். பெரிய தவறு நடப்பது இங்கேதான்: வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையரை 45-இலிருந்து (அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸ்) 50 ஆக்கிவிட்டு, வோல்டேஜை ஆட்டோவிலேயே விட்டுவிடுவது. சிஸ்டம் ஹேங் ஆகக் கூடாது என்பதால் போர்டு தாராளமாக வோல்டேஜை அள்ளிக் கொடுக்கும். 1.25 வோல்ட் போதுமான இடத்தில் 1.4 கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. எல்லாம் சீராக ஓடுவதால் நமக்கும் சந்தேகம் வராது.

கணக்கைப் பாருங்கள். பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்டில் இருப்பதை 5 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்டுக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் வேகம் 11 சதவீதம்தான். சூடோ சுமார் 40 சதவீதம் கூடுகிறது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து சிப்பை உள்ளுக்குள் மெல்ல அரிக்கும். முன்பு 1.30 வோல்டில் ஓடிய அதே வேகத்துக்கு, போகப் போக அதைவிடக் கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தால், அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் திருப்பவே முடியாது.

இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. அதன்பின் ஏஎம்டி, எஸ்ஓசி வோல்டேஜுக்கு (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்களில், யாரும் எதையும் மாற்றாமலேயே அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய், கேம்கள் கிராஷ் ஆயின. இன்டெல் மைக்ரோகோடை (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தி, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று. இந்தத் திருத்தங்கள் பயாஸ் அப்டேட் வழியாக வருகின்றன. அதனால் பயாஸை அப்டேட் செய்யாமல் ஓவர்கிளாக்கில் இறங்காதீர்கள். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலை வேண்டாம்.

யூடியூபில் ஒருவர் காட்டிய எண்களை அப்படியே தட்டுவதும் வேண்டாம். ஒரே மாடல் என்றாலும் சிப்புக்குச் சிப் தரம் மாறும். அடுத்தவர் கண்ணாடியை நாம் போட்டுக்கொள்வது போலத்தான் அது. 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, சோதித்து, அப்புறம் அடுத்த 100. ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கையும் அதே நாளில் ஆன் செய்தால், கிராஷ் ஆகும்போது குற்றவாளி யார் என்றே தெரியாது. ஸ்கிரீனே வராமல் போனால் பதற வேண்டாம். பவரைத் துண்டித்து, போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். டிசம்பரில் 25 டிகிரி அறையில் 82-ஐத் தொட்ட பிராசசர், கத்திரி வெயிலில் அறை 37-க்குப் போனால் 94-ஐ ஒட்டி நிற்கும். எக்ஸ்3டி அல்லாத ரைசன் 7000-இன் எல்லை 95. அங்கே போனதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் அத்தனையும் வீண். டெஸ்டை மே மாதத்து மத்தியானத்தில் ஏசி போடாமல் ஓட்டுங்கள்.

வாரண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை இரண்டு கம்பெனியும் ஏற்பதில்லை.

என்னைக் கேட்டால், ரைசன் வைத்திருப்பவர்கள் வோல்டேஜை ஏற்றுவதைவிட பயாஸிலுள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதியில் குறைப்பதே மேல். சூடு குறையும், அந்த இடைவெளியில் பிராசசர் தானே வேகம் எடுக்கும். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லாக் கோருக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மைனஸ் 30 போட்டுவிட்டு (மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வோல்டேஜ் குறையும்), சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, பாஸ் என்று எழுந்துவிடுவார்கள். சினிபெஞ்சில் எல்லாக் கோரும் ஒன்றாக உழைப்பதால் எதுவும் உச்ச வேகத்துக்குப் போவதில்லை. மறுநாள் சும்மா குரோமில் செய்தி படிக்கும்போது ஒரே ஒரு கோர் உச்சத்துக்குத் தாவும், சிஸ்டம் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் வீயா லாகர் (WHEA-Logger) 18 என்ற சிவப்பு ஹார்டுவேர் எரர் இருக்கும். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக வேலை வாங்கும். அதை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். தவறிய கோரை மட்டும் மைனஸ் 20-க்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினால் போதும், மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.