ஜப்பான் பழைய சொகுசு கார் இறக்குமதி: முதல் தடவை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

புதுசாக இருந்தபோது கம்பெனி முதலாளிகள் மட்டுமே வாங்க முடிந்த டொயோட்டா செல்சியார், நிசான் சீமா, டொயோட்டா க்ரவுன் மஜெஸ்டா மாதிரி கார்கள் ஜப்பான் ஏலத்தில் இவ்வளவு மலிவாகப் போகிறதே, உள்ளே ஏதாவது பெரிய கோளாறு இருக்குமோ? இந்த விஷயத்துக்குள் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கோளாறு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையும் ‘ஷாக்கென்’ என்கிற கட்டாயச் சோதனை உண்டு, அதற்கு ஆகிற செலவும் கணிசமானது. பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டு வரியையும் ஏற்றிவிடுவார்கள். பெரிய இன்ஜினுக்கு அந்த வரி ஏற்கெனவே அதிகம். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற காரையே அடுத்த ஷாக்கென் வருவதற்குள் கைமாற்றிவிடுகிறார்கள், உள்ளூரில் அதை வாங்க ஆளும் குறைவு.

ஆனால் ஏலத்தில் தெரிகிற அந்த விலையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். இந்த வேலையில் நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது முன்னால் வைத்திருந்தவர் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட விதத்தைத்தான். அது காகிதத்தில் தெரியும், படத்தில் தெரியாது. கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்தக் காகிதங்களைப் படிக்கிற வேலைதான்.

1. காரைத் தேடும் முன் விதியைத் தேடுங்கள்

உங்கள் நாடு எத்தனை வயது காரை உள்ளே விடும் என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் அவர்களுடைய பாதுகாப்புத் தரத்துக்குச் செய்யப்படாத கார் 25 வயது நிறைந்திருந்தால்தான் சுலபமாக உள்ளே வரும், கனடாவில் 15 வயது. கென்யாவில் நேர் எதிர், 8 வயதுக்கு மேல் போகக் கூடாது. இந்தியாவில் தயாரித்து 3 ஆண்டுக்கு மேல் ஆன பழைய காரைக் கொண்டுவர முடியாது என்பதால், இந்தப் பதிவில் வருகிற செல்சியார் அங்கே பேச்சுக்கே இல்லை.

வயதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். சில நாடுகள் தயாரித்த மாதத்தைப் பார்க்கும், சில நாடுகள் முதல் பதிவுத் தேதியைப் பார்க்கும், இரண்டுக்கும் நடுவே சில மாதம் இடைவெளி இருக்கலாம். ஜப்பான் காகிதத்தில் ஆண்டு அவர்கள் கணக்கில்தான் இருக்கும். ஹெய்செய் என்று போட்டிருந்தால் அந்த எண்ணோடு 1988-ஐக் கூட்டுங்கள்: ஹெய்செய் 11 என்றால் 1999. ரெய்வா என்றால் 2018-ஐக் கூட்ட வேண்டும்.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம், புகைச் சோதனை எப்படி, ஹெட்லைட் வெளிச்சம் எந்தப் பக்கம் சாய வேண்டும், இதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஜப்பானில் இடது பக்கம் ஓட்டுகிறார்கள், விளக்கும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. வலது பக்கம் ஓட்டுகிற நாட்டில் விளக்கையே மாற்ற வேண்டி வரலாம்.

2. எந்தக் கார்?

முதல் தடவை இறக்குபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது டொயோட்டா செல்சியார். காரணம் எளிது: ஜப்பானுக்கு வெளியே இதே கார் லெக்சஸ் எல்எஸ் என்ற பெயரில் விற்றது, அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. மஜெஸ்டாவும் சீமாவும் அருமையான கார்கள், ஆனால் ஒரு பின் விளக்கு உடைந்தால்கூட ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். 5 லிட்டர் வி12 இன்ஜின் உள்ள டொயோட்டா செஞ்சுரியின் மேல் ஆசைப்படுபவர்களிடமும் இதையேதான் சொல்வேன், அதை இரண்டாவது இறக்குமதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்சியார் மூன்று தலைமுறை. 1989 முதல் 1994 வரை முதலாவது, 2000 வரை இரண்டாவது, 2006 வரை மூன்றாவது. முதல் இரண்டிலும் 4 லிட்டர் வி8, மூன்றாவதில் 4.3 லிட்டர். முதல் காரின் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி. சத்தத்தைப் பஞ்சு வைத்து மூடாமல் அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார், அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் அந்தக் காரில் உட்கார்ந்தால் தெரிகிறது. என் தேர்வு இரண்டாம் தலைமுறையில் 1997-க்குப் பிந்தையது. வால்வு நேரத்தை மாற்றும் விவிடி-ஐ வந்தது, 5 கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தது. ஒன்றை மறக்காதீர்கள்: இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் போய்விடும்.

ஏ, பி, சி என்று மூன்று ரகமும் உண்டு. சி ரகத்தில் ஏர் சஸ்பென்ஷன். மிதப்பது போல் போகும், உண்மைதான், ஆனால் ரப்பர் பை வயதாகிக் காற்று கசிய ஆரம்பித்தால் நான்கு பக்கமும் மாற்றுகிற செலவு காரின் ஏல விலையை எட்டிப் பிடிக்கலாம். முதல் காருக்கு ஸ்பிரிங் வைத்த ஏ ரகம் போதும். ஏர் சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்றால், காரை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு சக்கரத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கசிவு இருக்கிறது.

3. ஏலத் தாளைப் படிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். யூஎஸ்எஸ் மாதிரி பெரிய ஏலக்கூடங்களில் ஒவ்வொரு காரையும் அவர்களுடைய ஆளே சோதித்து ஒரு பக்கத் தாள் எழுதுவார். நீங்கள் நேரடியாக ஏலம் கேட்க முடியாது, ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் உங்கள் சார்பாகக் கேட்பார். அவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் அசல் தாளைக் கேளுங்கள்.

தாளின் மேல் மூலையில் மதிப்பெண். 4.5 என்றால் மிக நல்ல நிலை, 4 நல்லது, 3.5 என்றால் கீறலும் நசுங்கலும் கண்ணில் படும். ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்தில் அடிபட்டு உடற்கூடு பழுது பார்க்கப்பட்டது, முதல் காருக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். உள்பக்கத்துக்குத் தனியாக ஏ, பி, சி என்று எழுத்து. நடுவில் காரை விரித்துப் போட்ட மாதிரி ஒரு கோட்டுப் படம், அதில் குறிகள். ஏ1 சின்னக் கீறல். யூ1 சின்ன நசுங்கல். டபிள்யூ என்றால் ஏற்கெனவே டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த இடம், பக்கத்தில் எண் பெரிதாகப் பெரிதாக வேலையின் தரம் மோசம். எஸ் துரு, சி அரிப்பு, டபுள் எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. ஏ, யூ நிறைய இருந்தாலும் கவலைப்படாதீர்கள், இருபது வயதுக் காரில் அது இல்லாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எஸ், சி இருந்தால் நிற்க வேண்டும். ஹொக்கைடோ மாதிரி பனி விழும் பகுதிகளில் சாலையில் உப்புப் போடுவார்கள், அது அடிப்பாகத்தைத் தின்றுவிடும். கார் எந்த ஊர்ப் பதிவு என்று கேட்டு, அடிப்பாகப் படம் வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

அப்புறம் கையெழுத்துக் குறிப்பு. சோதிப்பவர் ஜப்பானிய மொழியில் அவசரமாகக் கிறுக்கியிருப்பார். தாளிலேயே விலைமதிப்பான பகுதி அதுதான், பல ஏஜென்ட்கள் மொழிபெயர்க்காமல் விடுவதும் அதைத்தான். நான் இறக்கிய செல்சியாரின் தாளில் மதிப்பெண் 4, உள்பக்கம் பி, வலது பின் கதவில் டபிள்யூ2, கீழே மூன்று வரிக் கிறுக்கல். என் ஏஜென்ட் அதைச் சின்னக் குறைகள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், நானும் நம்பிவிட்டேன். கார் வந்து பானெட்டைத் திறந்தால், பவர் ஸ்டீயரிங் பம்பின் அடியில் தேன் நிறத்தில் எண்ணெய் கோத்து நிற்கிறது, ஒவ்வொரு சொட்டும் நேராகக் கீழே இருக்கிற, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மேல் விழுகிறது. ஆல்டர்னேட்டரின் செம்புச் சுருள் முழுக்கக் கரும்பிசின். இந்தக் கார்களில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு இது. பம்பின் சீலை மட்டும் மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஆல்டர்னேட்டரையும் சேர்த்து வாங்க வைத்தது. பிறகு தாளை ஜப்பானியம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தது, பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் கசிவு என்று. ஒவ்வொரு எழுத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், ஏஜென்ட் செய்யவில்லை என்றால் வெளியே காசு கொடுத்தாவது செய்துகொள்ளுங்கள்.

கிலோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக்கென் சான்றிதழில் சோதனை நடந்தபோது ஓடோமீட்டர் காட்டிய எண் பதிவாகியிருக்கும், அதன் நகலை வாங்கி ஒப்பிடுங்கள். குறைந்த கிலோமீட்டர் என்றாலே நல்ல கார் என்று நினைக்க வேண்டாம். பராமரிப்புப் புத்தகம் இல்லாத 40,000 கிலோமீட்டர் காரையும், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திய புத்தகத்தோடு வருகிற 1,10,000 கிலோமீட்டர் காரையும் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சும்மா நின்ற காரில் ரப்பர் எல்லாம் இறுகிப்போயிருக்கும். மேலும் ஜப்பானில் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றினால் மெக்கானிக் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி இன்ஜின் அறையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். அந்த ஸ்டிக்கரின் படம் கேளுங்கள். அது இருக்கிற கார் கொஞ்சம் கூட விலைக்குப் போனாலும் தகும்.

4. கணக்கு

ஏல விலையோடு ஏலக்கூடக் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், துறைமுகம் வரை கொண்டுபோகிற செலவு சேர்ந்தால் ஏற்றுமதித் துறைமுக விலை. அதோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தால் சிஐஎஃப் விலை. பல நாடுகளில் சுங்கவரி இந்த சிஐஎஃப் மேல்தான், அதற்கு மேல் வரும் விற்பனை வரி சுங்கவரியையும் சேர்த்த தொகைக்கு. ஒரு பேச்சுக்கு கார் 100, கப்பலும் காப்பீடும் 30 என்று வையுங்கள். சுங்கவரி 30 சதவீதம் என்றால் 130-க்கு 39, ஆக 169. விற்பனை வரி 15 சதவீதம் என்றால் 169-க்கு 25 சொச்சம். 100-க்கு வாங்கிய கார் கரை சேரும்போது 194. துறைமுகச் செலவு, பதிவு, கிளியரிங் ஏஜென்ட் கூலி எல்லாம் இதற்கு வெளியே. இன்ஜின் அளவை வைத்து வரி போடுகிற நாடு என்றால் வி8-க்கு இன்னும் ஏறும். இதோடு முதல் ஆண்டு பராமரிப்புக்குக் கார் விலையில் மூன்றில் ஒரு பங்காவது கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்து வாங்குங்கள்.

5. கப்பலும் காகிதமும்

கார் தானே ஓடி ஏறி இறங்குகிற ரோரோ கப்பல், அல்லது கன்டெய்னர். ரோரோவில் கட்டணம் கன மீட்டருக்கு. செல்சியார் கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளம், 1.83 அகலம், 1.44 உயரம், பெருக்கினால் 13 கன மீட்டர் வரும். மலிவு, நம்பகமானது, ஆனால் பல கை மாறும். அதனால் உதிரிச் சாவியையும் பராமரிப்புப் புத்தகத்தையும் காரில் வைத்து அனுப்பாமல் அசல் காகிதங்களோடு கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் உள்ள காரில் மாஸ்டர் சாவி தொலைந்தால் பெரிய தலைவலி.

ஜப்பானில் பதிவை ரத்து செய்த ஏற்றுமதிச் சான்றிதழ், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், இந்த மூன்றிலும் சேசிஸ் எண்ணும், கடைசி இரண்டிலும் உங்கள் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு 17 இலக்க எண் கிடையாது, ஸ்பிரிங் வைத்த இரண்டாம் தலைமுறை செல்சியாரில் யூசிஎஃப்20 என்று தொடங்கி ஒரு கோடு போட்டு ஏழு இலக்கம் வரும். பதிவு அலுவலகக் கம்ப்யூட்டரும் காப்பீட்டுக்காரரும் 17 கேட்டு மறுக்கலாம், கார் கப்பலில் இருக்கும்போதே அவர்களிடம் பேசி வைத்துவிடுங்கள்.

6. கார் வந்த பிறகு

சரி, கார் வந்துவிட்டது. உடனே நெடுஞ்சாலைக்குக் கிளம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. பட்டை புதிது மாதிரி தெரிந்தாலும் பத்து ஆண்டு ஆன டயரைக் கழற்றிப் போடுங்கள். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், ஸ்டிக்கர் இல்லையென்றால் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் ஒன்றாக. பழைய செல்சியாரில் மீட்டர் முள்களின் வெளிச்சம் மங்கினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசிவதும் இவற்றில் நடக்கிறதுதான், நல்ல எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் போர்டைக் கழற்றி மாற்றிவிடுவார். நேவிகேஷன் ஜப்பான் வரைபடம் மட்டுமே காட்டும். ரேடியோ அந்த நாட்டு அலைவரிசைக்கு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது, பல நிலையங்கள் பிடிக்காது, பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் போட்டால் பிடிக்கும்.

தினமும் நெரிசலில் வேலைக்குப் போக ஒரு கார் வேண்டும் என்றால் இது உங்களுக்கு இல்லை. நகருக்குள் வி8 குடிக்கிற பெட்ரோலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது, ஐந்து மீட்டர் காருக்கு நிறுத்த இடம் தேடுவதும் தினசரி வேலையாகிவிடும். மாதம் இரண்டு நீண்ட பயணம், வீட்டில் வயதானவர்கள், பாகங்களைத் தேடி வாங்குவதில் சலிப்பில்லாத ஒரு மெக்கானிக், இது மூன்றும் இருந்தால் தயங்காமல் இறங்குங்கள். என் காரில் பம்பும் ஆல்டர்னேட்டரும் மாற்றி முடித்த அன்று மெக்கானிக் சாவியைத் திருப்பினார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திருப்பப் போனார், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.